அன்னாசியை முதலில் சுட வேண்டும்

சென்ற மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு நான் ஒரு தட்டில் கொண்டுபோன சிற்றுண்டியைப் பற்றிப் பலர் கேட்டார்கள். ஈர்க்கில் குத்திய சுட்ட அன்னாசித் துண்டு, அதோடு பொரித்த சீஸ் துண்டு, மேலே கொஞ்சம் கித்துள் பாணியும் மிளகுத்தூளும். அவ்வளவுதான். "இது ஹோட்டல் சாப்பாடல்லோ, எங்களுக்குச் சரிவருமோ?" என்று ஒரு சகோதரி கேட்டார். சரிவரும். கடைச் சீஸ் தேவையில்லை, அவண் தேவையில்லை, மின்சாரம்கூடத் தேவையில்லை. செய்முறையை எழுதித் தரும்படி கேட்டதால் எழுதுகிறேன். ஆனால் இதை நான் ஒழுங்காகச் செய்யப் பழகியது ஒரு பெரிய பிழை விட்ட பிறகுதான். அந்தப் பிழையை எழுதாமல் செய்முறையை மட்டும் எழுதினால் நீங்களும் அதையே செய்வீர்கள்.

எங்கள் அம்மப்பா திருகோணமலை டொக்யார்ட்டில் வெள்ளைக்காரரின் கடற்படை இருந்த காலத்தில் ஓபிசர்மாரின் குசினியில் வேலை செய்தவர். சமையற்காரர் அல்ல, கையுதவி. மீன் வெட்டுவது, வெங்காயம் உரிப்பது, தட்டு ஏந்திக்கொண்டு போவது. இரவுச் சாப்பாட்டுக்கு முதல் துரைமார் கையில் கிளாசோடு நின்று கதைக்கும்போது கடிப்பதற்கு ஏதாவது சுடச்சுடக் கொடுக்க வேண்டுமாம். இப்போது நாங்கள் பைற்ஸ் என்று சொல்வது அதைத்தான். அதில் ஒன்று சீஸும் அன்னாசியும்.

அம்மா 1944ஆம் ஆண்டு பிறந்தவர். சீஸ் என்றால் அவருக்கு நினைவுக்கு வருவது வட்டமான நீல நிற ரின். தீபாவளிக்கோ நத்தாருக்கோ துரைமார் கொடுத்தது என்று அம்மப்பா எப்போதாவது ஒன்று கொண்டுவருவாராம். அம்மம்மா அதைக் கையாலும் தொடமாட்டாராம். "ஊத்தைச் சவர்க்காரம் மாதிரிக் கிடக்கு" என்று சொல்லி ரின்னைத் தூரத் தள்ளிவிடுவாராம். (சீஸ் முடிந்த பிறகு அந்த ரின்னைக் கழுவி உழுந்து போட்டு வைத்ததும் அவர்தான்.) பிள்ளைகளுக்கு மட்டும் அம்மப்பா கரியடுப்பில் செய்து கொடுப்பாராம். ஆளுக்கு ஒரு ஈர்க்கு. ஒரு ஈர்க்கில் இரண்டு துண்டு.

ரின்னில் வருகிற சீஸ் என்பது பழைய காலத்துச் சாமான் அல்ல. சாதாரண சீஸ் வெக்கை நாட்டில் எண்ணெய் கக்கும், பூஞ்சணம் பிடிக்கும், கப்பலில் நாட்கணக்காகக் கிடந்தால் மணக்கும். சீஸை அரைத்து, உருக்கி, அது திரும்பப் பிரியாமல் இருக்கக் கிளறி அடைக்கும் முறைக்கு அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராப்ட் என்பவர் 1916இல் காப்புரிமை பெற்றார். முதலாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகளுக்கு ரின் ரின்னாக விற்றார். படையும் கப்பலும் போன இடமெல்லாம் அப்படியான சீஸும் போனது. எங்கள் துறைமுகத்துக்கும் வந்தது. சூடாக்கினால் அது எண்ணெய் கக்காமல் அழகாக இளகும். பிரியாமல் இருக்க இப்படியான சீஸில் சேர்க்கும் சில உப்புக்களின் வேலை அது. துரைமாரின் பைற்ஸுக்கு அது வசதியாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

1957 ஒக்டோபரில் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துவிட்டுப் போனார்கள். அவர்களோடு வேலையும் போன பலரில் அம்மப்பாவும் ஒருவர். அவர் பிறகு ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். அங்கே வடையும் வாய்ப்பனும்தான். சீஸ் எங்கள் வீட்டிலிருந்து அத்தோடு போய்விட்டது. நான் பிறந்து வளர்ந்த காலத்தில் அது ஒரு கதையாக மட்டும் இருந்தது. பிறகு வந்த யுத்த காலத்தில் பாணுக்கே வழியில்லாத நாட்களில் யார் சீஸை நினைத்தது!

யுத்தம் முடிந்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கியபோது நான் ஒரு சின்ன விருந்தினர் இல்லத்தில் சமையல் உதவிக்குப் போனேன். அங்கேதான் என் கையால் முதன்முதலாகச் சீஸ் வெட்டினேன். சில வருடங்களின் பின் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஓடர் எடுத்துச் செய்யத் தொடங்கினேன். பிறந்தநாள், சாமத்திய வீடு, அலுவலகத்தில் பிரியாவிடை. பற்றிஸ், கட்லட், ரோள்ஸ். கேட்டால் சீஸும் அன்னாசியும். அப்போது கடையில் வாங்கிய சீஸும் ரின் அன்னாசியும்தான் பாவித்தேன். பத்து நிமிட வேலை.

2022ஆம் ஆண்டை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். ஓடர் எல்லாம் நின்றுபோனது. காஸ் சிலிண்டர் குசினி மூலையில் சும்மா நின்றது. பின்பக்கம் மூன்று கல் வைத்து விறகு எரித்தேன். அம்மாவுக்கு அப்போது 78 வயது. பிரஷருக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுப்பவர். பெயர்கள் மறந்துபோகத் தொடங்கியதும் அந்த வருடம்தான். என்னைச் சின்னம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தைப் பார்மசியில் வாங்க வேண்டியிருந்தது. விலையோ மாதத்துக்கு மாதம் ஏறியது.

மே மாதத்தில் உவர்மலைப் பக்கத்திலிருந்து ஒரு ஓடர் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் எழுபதாவது பிறந்தநாள். மகள் லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தார். "அன்ரி, இருபத்தைந்து பேர்தான். அம்மாவுக்கு உங்கட சீஸும் அன்னாசியும் நல்ல விருப்பம். அது கட்டாயம் வேணும். நூறு துண்டு." முற்பணமாக 5,000 ரூபா அனுப்பியும் விட்டார். அந்தப் பணம் வந்த அன்றே அம்மாவின் மருந்துக்குப் போய்விட்டது. ஆகவே "இல்லை" என்று சொல்லவும் வழியில்லை.

ஊரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். சீஸ் இல்லை. ஒரு கடையில் முக்கோணத் துண்டுகள் உள்ள சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டு வந்தேன். ரின் அன்னாசியும் இல்லை.

அப்போதுதான் கிண்ணியா ராத்தாவை நினைத்தேன். அவரும் நானும் ஒரு சுயதொழில் பயிற்சியில் சந்தித்தவர்கள். வீட்டில் மாடுகள் வைத்திருக்கிறார், தயிர் போட்டு விற்பவர். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்துச் சட்டித் தயிரைத் தெரியாதவர் யார்? 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தத் தயிரெல்லாம் பாதை ஏறித்தான் இக்கரைக்கு வந்தது. (பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவை. வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்.) இப்போது பாலம் இருந்தது, பெற்றோல்தான் இல்லை. நான் தொலைபேசியில் கதைத்தபோது ராத்தா சொன்னார்: "பால் கிடக்கு புள்ள. எடுத்திட்டுப் போக ஆக்கள்தான் இல்ல. டவுனில பால்மாக்கு வரிசை, இஞ்ச பால் பழுதாப் போகுது." தயிருக்கு ஒரு அளவுதானே போடலாம். அவருடைய மகன் பஸ்ஸில் இரண்டு கேனைக் கொண்டுவந்து தந்தான். பசும்பால், 6 லீற்றர்.

விருந்தினர் இல்லத்தில் வேலை செய்தபோது இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பெண் குசினிக்குள் வந்து பனீர் செய்து காட்டியிருந்தார். பாலைத் திரிக்கச் செய்து வடிகட்டி அமுக்குவது. அதுவும் சீஸ்தான். வெளிநாட்டில் பல மாதம் பழுக்க வைக்கிற சீஸ் அல்ல, அன்றைக்குச் செய்து அன்றைக்குச் சாப்பிடுகிற சீஸ்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2 லீற்றர் பசும்பாலுக்கு மூன்று நான்கு தேசிக்காய் போதும். பாலை அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டு நன்றாகக் கொதிக்க விட வேண்டும். கொதித்துப் பொங்கியதும் அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் ஆற விடுங்கள். பிறகு தேசிப்புளியை அதே அளவு தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். வேகமாகக் கிளறினால் கட்டி தூளாகிவிடும். பால் திரிந்து வெள்ளைக் கட்டி ஒரு பக்கமும், இளம்பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரியும். தண்ணீர் இன்னும் பால் நிறமாக இருந்தால் புளி காணாது, இன்னும் ஒரு கரண்டி விடலாம். பிரிந்ததும் புளி விடுவதை நிறுத்துங்கள், கூடினால் கட்டி றப்பர் மாதிரியாகும். சுத்தமான வெள்ளைத் துணியில் வடித்து, பச்சைத் தண்ணீர் ஊற்றிப் புளிப்பைக் கழுவி, துணியோடு முறுக்கி, பலகையின் மேல் வைத்து அம்மிக் குழவியைப் பாரமாக வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் கத்தியால் வெட்டக்கூடிய கட்டி கிடைக்கும். 2 லீற்றரில் ஏறக்குறைய 350 கிராம் வரும். பால் தண்ணீராக இருந்தால் இன்னும் குறையும். பால்காரரின் நேர்மையைச் சோதிக்கவும் இது நல்ல வழி!

வடித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அதில் ரொட்டிக்கு மாக் குழைத்தால் ரொட்டி மெதுவாக இருக்கும். பருப்புக் கறிக்கும் விடலாம். பாலில் உள்ள சத்தில் ஒரு பங்கு அதில்தான் போகிறது.

ஓடருக்கு முதல் நாள் மாலை 6 லீற்றரையும் மூன்று தடவையாகக் காய்ச்சித் திரித்தேன். விறகடுப்பில் மூன்று தடவை. கண் எரிந்து, கை வலித்து, இரவு பத்து மணியானது. கரண்ட் இல்லாததால் குளிர்சாதனப் பெட்டியை நம்ப முடியவில்லை. துணியோடு உப்புத் தண்ணீரில் போட்டு, அந்தச் சட்டியைப் பெரிய தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தபோது மூன்று கட்டியும் நன்றாகத்தான் இருந்தன.

பிழை அதற்குப் பிறகு.

ஐந்து மணிக்கு விருந்து. நான்கு அன்னாசி வாங்கியிருந்தேன். நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நினைத்து, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே சீஸில் பாதியைத் துண்டு துண்டாக வெட்டி, பச்சை அன்னாசித் துண்டுகளோடு ஒரு பேசினில் போட்டு, பாணியும் மிளகும் சேர்த்துக் கிளறி மூடிவைத்தேன். இறைச்சியை ஊறவைப்பதில்லையா, அப்படி ஊறினால் சுவை ஏறும், கடைசி நேரத்தில் தாச்சியில் போட்டுச் சூடாக்கி ஈர்க்கில் குத்தினால் சரி என்பது என் கணக்கு. மற்றப் பாதியை அம்மாவைக் குளிக்க வார்த்த பிறகு வெட்டலாம் என்று துணியோடு விட்டேன்.

மூன்று மணிக்குப் பேசினைத் திறந்தேன். பேசினில் பாதி தண்ணீர். சீஸ் துண்டுகள் ஓரம் கரைந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தன. ஒன்றை வாயில் வைத்தேன். கசப்பு. பாகற்காய்க் கசப்பு அல்ல, பழைய மருந்துக் குளிசையை நாக்கில் வைத்தது மாதிரியான கசப்பு. பாணி கசக்கிறதா என்று தனியே நக்கிப் பார்த்தேன், இல்லை. அன்னாசி கசக்கிறதா, இல்லை. பால் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ராத்தாவின் மகன் பஸ்ஸில் கொண்டுவந்த பாலில் பழுதைப் போட்டு மனதுக்குள் ஏசியும் விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் விருந்து. முற்பணம் இல்லை, செலவாகிவிட்டது. அழுதேன் என்று எழுத வெட்கப்பட என்ன இருக்கிறது, அழுதேன்.

அம்மா சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையிலும் என்னை யார் என்று கேட்டவர். "என்ன பிள்ளை செய்தனி?" என்றார். காட்டினேன். பேசினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் சொன்னார்:

"அப்பா இப்பிடிக் கலக்கிறேல்லை. அன்னாசியை முதல்ல நெருப்பில காட்டுவார். பச்சை அன்னாசி பாலைத் தின்னும்."

"ரின் அன்னாசியல்லோ அம்மா அவர் பாவிச்சது?"

"ரின் எங்கால எப்பவும்? முடிஞ்சால் சந்தையில வாங்குவார். ரின் அன்னாசி எண்டால் சும்மா வைப்பார். பச்சை எண்டால் சுட்டுப்போட்டுத்தான் வைப்பார். பச்சை அன்னாசி பாலைத் தின்னும் எண்டு எங்களுக்கும் சொல்லுவார்."

அம்மா சொன்னது முழுக்கச் சரி. பிறகு விசாரித்து அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அன்னாசியில் புரோமெலின் என்ற நொதியம் இருக்கிறது. அது புரதத்தை வெட்டும். பாலிலும் சீஸிலும் இருப்பது புரதம். அது துண்டு துண்டாக வெட்டுப்படும்போது சில துண்டுகள் கசக்கும், கட்டியும் இளகித் தண்ணீர் விடும். பச்சை அன்னாசி கூடத் தின்றால் நாக்கு எரிவதற்கும் இதில் பங்கு உண்டு, எங்கள் நாக்கும் புரதம்தானே. ஆட்டிறைச்சி வேகாவிட்டால் ஒரு துண்டு பப்பாசிக்காய் போடுகிறோம் அல்லவா? அது பப்பாசிப் பாலில் உள்ள பப்பேன் என்ற நொதியத்தின் வேலை. இரண்டும் ஒரே தொழில் செய்கிறவை. நான் ஆறு லீற்றர் பாலில் செய்த சீஸின் பாதியை, இறைச்சியை மெதுவாக்குவது மாதிரி மூன்று மணித்தியாலம் மெதுவாக்கியிருக்கிறேன்.

இந்த நொதியத்துக்குச் சூடு ஆகாது. அன்னாசியை உள்வரை நன்றாகச் சூடாக்கினால் அதன் வேலை நின்றுவிடும். ரின் அன்னாசி அடைக்கும்போதே கொதிக்க வைக்கப்பட்டது, ஆகவே அதனால் ஒரு கெடுதியும் இல்லை. இத்தனை வருடம் ரின் அன்னாசி பாவித்ததால்தான் எனக்கு இது தெரியாமல் போனது. பச்சை அன்னாசி போட்டுச் செய்த ஜெலி இறுகாமல் தண்ணீராகவே கிடந்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். காரணம் இதுதான், ஜெலிக்குப் போடும் ஜெலற்றினும் புரதம். ஆனால் ராத்தா நோன்பு காலத்தில் காய்ச்சும் கடற்பாசியில் அன்னாசி போட்டாலும் அது இறுகும். கடற்பாசி புரதமல்ல, செடியின் பசை. இதை ராத்தாவுக்குச் சொன்னபோது, "அப்ப எங்கட கடற்பாசி கெட்டிக்காரி" என்றார்.

டொக்யார்ட் குசினியில் வெங்காயம் உரித்த அம்மப்பாவுக்கு நொதியம் என்ற சொல் தெரிந்திருக்க நியாயமில்லை. கசந்த தட்டு ஒன்று துரையிடமிருந்து திரும்பி வந்திருக்கும், அவர் பிடித்துக்கொண்டிருப்பார்.

சரி, அன்றைய மிச்சத்தைச் சொல்கிறேன். துணியில் இருந்த பாதி சீஸ் காப்பாற்றிவிட்டது. மிச்சம் இருந்த இரண்டு அன்னாசியையும் தோல் சீவி, கண் எடுத்து, நடுத் தண்டை வெட்டி எறிந்துவிட்டு விரற்கடை அளவுத் துண்டுகளாக வெட்டினேன். இரும்புத் தாச்சியைக் காயவைத்துத் தேங்காயெண்ணெய் தடவித் துண்டுகளைப் பரப்பினேன். அடிக்கடி பிரட்டக்கூடாது. ஒரு பக்கம் சிவந்து, தன் சாறு வற்றி, சீனி கருகுகிற மணம் வரும்வரை விட்டுப் பிறகு பிரட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து ஏழெட்டு நிமிடம். நடுவில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். உள்ளே வாய் சுடும் அளவுக்குச் சூடேறியிருக்க வேண்டும், வெளியே மட்டும் சிவந்தால் போதாது.

அதே தாச்சியைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் நெய் விட்டுச் சீஸ் துண்டுகளைப் போட்டேன். இந்தச் சீஸ் உருகாது, பயப்பட வேண்டாம். ரின் சீஸ் இளகுகிறதே, இது ஏன் இளகவில்லை என்று நினைக்கக்கூடாது. பாலின் புரதத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கல்சியம் புளி விட்டபோது கரைந்து தண்ணீரோடு போய்விட்டது. ஆகவே சூட்டில் இது உருகாமல் இறுகி, வெளியே பொன் நிறமாகப் பொரியும். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் காணும். கூட விட்டால் உள்ளே காய்ந்துவிடும்.

தண்ணீரில் ஊறவைத்த ஈர்க்கில் அன்னாசி ஒன்று, சீஸ் ஒன்று. தட்டில் அடுக்கி மேலே கித்துள் பாணியை நூல் மாதிரி ஊற்றி, இடித்த மிளகும் ஒரு சிட்டிகை செத்தல் மிளகாய்த் தூளும் தூவினேன். கித்துள் பாணி கிடைக்காவிட்டால் தென்னம்பாணி, அதுவும் இல்லாவிட்டால் சர்க்கரையைக் கொஞ்சத் தண்ணீரில் காய்ச்சியது. சீனிப்பாகு வேண்டாம், வெறும் இனிப்பு மட்டும்தான் இருக்கும்.

எண்ணிப் பார்த்தேன். 52 ஈர்க்கு. நூறு சொன்ன இடத்தில் ஐம்பத்திரண்டு! வீட்டில் இருந்த கொண்டைக்கடலையை, அது நல்லகாலத்துக்கு அம்மாவுக்காக ஊறப்போட்டது, அவித்துத் தாளித்துத் தேங்காய்ச் சொட்டுப் போட்டு ஒரு பெரிய தட்டு நிரப்பினேன். பக்கத்து வீட்டுத் தம்பியின் சைக்கிளில் அவர் ஒரு பெட்டி, நான் பின்னால் இருந்து மடியில் ஒரு பெட்டி. உவர்மலை ஏற்றத்தில் இறங்கி நடந்தோம்.

ரீச்சரிடம் உள்ளதைச் சொன்னேன். பாதியைப் பழுதாக்கிவிட்டேன், இவ்வளவுதான் இருக்கிறது, மிச்சப் பணத்தை அடுத்த மாதம் தருவேன் என்றேன். அவர் ஒரு ஈர்க்கை எடுத்துக் கடித்தார். "இது வேற மாதிரி இருக்கே" என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. "கடைச் சீஸ் இல்லை ரீச்சர், வீட்டில செய்தது." அவர் இன்னொன்றை எடுத்தார். இரண்டாவதை எடுத்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அன்றைக்குக் கரண்ட் இல்லை. முற்றத்தில் அரிக்கன் லாம்பு வைத்துக்கொண்டு இருபத்தைந்து பேரும் இருந்தார்கள். தூரத்தில் துறைமுகத்து வெளிச்சம் இரண்டு மூன்று தெரிந்தது. 52 ஈர்க்கும் கால் மணித்தியாலத்தில் முடிந்தது. பணத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று மகள் பிறகு சொன்னார். நான் அடுத்த மாதம் இன்னொரு தட்டுச் செய்து கொண்டுபோய்க் கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்த்தேன். சும்மா விடுகிற பணம் அடுத்த ஓடரின்போது வாய் திறக்க விடாது.

ராத்தாவுக்கு இரவே தொலைபேசி எடுத்தேன். மனதுக்குள் ஏசியதைச் சொல்லவில்லை. பால் நல்ல பால் என்று மட்டும் சொன்னேன். "அதான் எங்களுக்குத் தெரியுமே" என்றார்.

அம்மாவுக்காக இரண்டு துண்டு எடுத்து வைத்திருந்தேன், பாணி விடாமல். தாச்சியில் திரும்பவும் சூடாக்கிக் கொடுத்தேன். மெதுவாகச் சப்பிச் சாப்பிட்டார். அறுபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சாமான் அவர் வாயில் படுகிறது, என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உப்புக் காணாது" என்றார்.

அதுவும் சரிதான். ரின் சீஸில் உப்பு அதிகம், அவருடைய நாக்கு அதைத்தான் நினைவில் வைத்திருந்தது. முதல் நாள் இரவு நான் உப்புத் தண்ணீரில் போட்டது முழுக் கட்டியாக, துணியோடு. உள்ளே உப்பு இறங்கவில்லை. இப்போது நான் வெட்டிய துண்டுகளையே அரை மணித்தியாலம் உப்புத் தண்ணீரில் போட்டு, துணியால் ஒற்றிவிட்டுப் பொரிக்கிறேன். ஒரு லீற்றர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி உப்பு. அன்னாசியின் புளிப்புக்கும் பாணியின் இனிப்புக்கும் நடுவில் அந்த உப்பு இருந்தால்தான் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிரஷர் உள்ளவர்களுக்கு உப்புத் தண்ணீரில் போடாமல் தனியாகச் செய்யுங்கள், மிளகைக் கொஞ்சம் கூட்டினால் குறை தெரியாது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாணி வேண்டாம், அன்னாசியிலும் ஒரு துண்டு இரண்டு துண்டோடு நிறுத்த வேண்டும். அம்மாவுக்கு நான் கொடுப்பது அப்படித்தான். அவருக்கு அதில் கோபம்.

இன்னும் சில விடயம். அன்னாசி இல்லாத காலத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை அதிகம் பழுக்காமல் எடுத்துச் சுட்டுப் பாருங்கள், நன்றாக இருக்கும். நன்றாகப் பழுக்காத இதரை வாழைப்பழமும் சரி. பப்பாசி என்றால் அன்னாசியைப் போலவே முதலில் சுட வேண்டும், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். கடைச் சீஸ்தான் இருக்கிறது என்றால் அதைப் பொரிக்கப் போகாதீர்கள், தாச்சியில் ஒட்டி நாசமாகும். சுட்ட அன்னாசியின் மேல் வைத்து, அடுப்பை அணைத்து, மூடியால் ஒரு நிமிடம் மூடுங்கள், தானாக இளகும். வீட்டுச் சீஸ் எங்கள் வெக்கையில் வெளியே நிற்காது. செய்த அன்றே சாப்பிட வேண்டும், குளிர்சாதனப் பெட்டியில் என்றால் இரண்டு நாள். ஓடருக்குச் செய்கிறவர்கள் சீஸையும் அன்னாசியையும் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய் அங்கேயே சூடாக்கிக் குத்துங்கள். ஆறிய பிறகு இதில் ஒன்றும் இல்லை.

அம்மா இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். என் பெயர் அநேகமான நாட்களில் அவருக்கு வராது. ராத்தாவை ஒரு நாள் டொக்யார்ட் துரையின் மனைவி என்று நினைத்து எழும்பி நின்றார். ஆனால் நான் தாச்சியை அடுப்பில் வைத்து அன்னாசியை வெட்டத் தொடங்கினால் சாய்மனைக் கதிரையிலிருந்து குரல் வரும்.

"அன்னாசியைச் சுட்டனியோ?"

"இப்பத்தான் அம்மா சுடுறன்."

ஐந்து நிமிடத்தில் திரும்பவும் கேட்பார். நானும் திரும்பவும் சொல்வேன்.